செடி வாடுவது தாகத்தாலா, தண்ணீராலா?

வந்த கடிதம்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவின் 11ஆவது மாடியிலிருந்து, தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

மகள் பிப்ரவரியில் மேற்படிப்புக்கு மெல்பர்ன் போகும்போது தன் பிகோனியாவை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மூங்கில் போலக் கணுக்கணுவாக நான்கு தண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். கரும்பச்சை இலையில் வெள்ளிப் பொட்டு, திருப்பினால் அடிப்பக்கம் பீட்ரூட் சிவப்பு. "வாரத்துக்கு ரெண்டு தடவ தண்ணி ஊத்தும்மா, அது போதும்" என்பதுதான் மகள் சொன்ன ஒரே குறிப்பு. டீச்சருக்கு மனம் கேட்கவில்லை. காலையில் விளக்கேற்றி முடித்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர், மாலையில் இலைகளுக்கு ஸ்பிரே என்று வழக்கப்படுத்திக்கொண்டார். ஆகஸ்டு வரை செடி நன்றாகவே இருந்தது. ஒருமுறை கொத்தாகப் பூக்கவும் செய்தது. செப்டம்பர் நடுவில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. அப்புறம் இலை ஓரம் கருகியது. அப்புறம் செடியே தலை தொங்கியது. தாகம் போலிருக்கிறது என்று ஒரு கிளாஸை இரண்டாக்கினார். இன்னும் தொங்கியது.

இதற்குள் ஆளுக்கொரு வைத்தியம். குழாய்த் தண்ணீரின் குளோரின்தான் காரணம் என்கிறார் கணவர். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. இலையில் இருக்கும் வெள்ளைப் பொட்டெல்லாம் பூசணம் என்றும் பயமுறுத்திவிட்டார். வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல். கடைசியாகக் கணவரே இன்னொரு யோசனையும் சொல்லியிருக்கிறார்: சுங்கை பூலோ நர்சரியில் இதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம், மகளுக்குத் தெரியவா போகிறது. டிசம்பர் நடுவில் மகள் வருகிறாள். "எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குக் கைராசி இல்லை போலிருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். கூடவே மூன்று படங்கள்.

பதில்

டீச்சர், கைராசியை விடுங்கள். கைராசி இல்லாதவர் வீட்டில் இந்தச் செடி ஆறு மாதம் செழித்திருக்காது, பூத்திருக்கவும் செய்யாது. ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதியது உங்களுக்குத் தெரியாமலே.

இரண்டாவது முறை படித்தபோதுதான் அந்த வரி என் கண்ணில் பட்டது. "மெர்டேக்கா லீவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, பால்கனியில் இருந்ததை ஹாலுக்குக் கொண்டுவந்து ஒரு நீலப் பீங்கான் தொட்டிக்குள் தூக்கி வைத்தேன், பார்க்க லட்சணமாக இருந்தது." மெர்டேக்கா என்றால் ஆகஸ்டு 31, மலேசியாவின் சுதந்திர தினம். போகிற போக்கில் எழுதிய வரி. எனக்கு அதுதான் முழுக் கடிதம்.

பால்கனியில் இருந்தவரை காற்று இருந்தது, வெளிச்சம் இருந்தது. நீங்கள் ஊற்றிய கிளாஸ் தண்ணீரைச் செடி குடித்ததுபோக மீதியைக் காற்று வாங்கிக்கொண்டது. அதையும் மீறியது தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறியது. ஜூன், ஜூலை இங்கே மழை குறைந்த மாதங்கள் என்பதும் உங்களுக்குக் கைகொடுத்தது. தினமும் ஊற்றுவது அப்போதும் அதிகம்தான், ஆனால் அந்த இடம் உங்கள் தவற்றை மூடி மறைத்தது. ஹாலுக்கு வந்ததும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்தது. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். பீங்கான் தொட்டிக்கோ அடியில் துளை இல்லை. தினமும் வழிந்த மிச்சம் எங்கும் போக வழியின்றி உள்ளேயே நின்றது. அந்த நேரம் பார்த்து மழைக்காலமும் தொடங்கியது. அதன் மேல் நீங்கள் இன்னொரு கிளாஸ் சேர்த்தீர்கள்.

இப்போதே எழுந்து போய் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிவிட்டுப் பீங்கானுக்குள் எட்டிப் பாருங்கள். இரண்டு விரல் ஆழத்துக்காவது தண்ணீர் நிற்கும் என்று பந்தயம் கட்டத் தயார். கொசுக்குடம்பியும் நெளியலாம். அதைப் பிறகு பேசுவோம்.

வேருக்கும் மூச்சு வேண்டும்

நம் எல்லாருக்கும் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: செடி வாடினால் தாகம். பெரும்பாலும் சரி. ஆனால் இந்த வகைப் பிகோனியாவில் பாதி நேரம் அது தலைகீழ். வேர் தண்ணீரை மட்டும் எடுத்து வாழ்வதில்லை; மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகள் முழுக்க நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். பித்தியம் போன்ற அழுகல் கிருமிகளுக்கு ஈர மண்தான் பிடித்த இடம். வந்து மீதியை முடித்துவைக்கும். வேர் செத்தபின் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலைக்கு ஏற்றிவிட ஆள் இல்லை. எனவே இலை ஓரம் காயும், செடி தொங்கும். பார்க்க அசல் தாகம் போலவே இருக்கும். நாமும் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. தாகத்தில் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். உங்களுடையது வாரக்கணக்கில் நிமிரவில்லை. தாகமென்றால் தொட்டி காற்றுப்போல் லேசாக இருக்கும், மூழ்கினால் கனக்கும். தண்டின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று உள்ளே போனால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. மண்ணை மோந்தும் பாருங்கள். மழை பெய்த தரை மாதிரி மணந்தால் சரி, சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகுகிறது.

"மழைக்காட்டுச் செடிதானே, தண்ணீர் எப்படி அதிகமாகும்?" என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இந்தப் பொட்டு வைத்த பிகோனியாவின் பிறந்த வீடு பிரேசில் நாட்டின் தென்கிழக்கு மழைக்காடு. அங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனால் காட்டுத் தரையில் அதன் வேர் சேற்றில் கிடப்பதில்லை. சருகும் மக்கிய இலையும் சேர்ந்த மேல் படிவத்தில் மெல்லிய நார் வேர்களாகப் படர்ந்து நிற்கும். மழை பெய்யும், வேரை நனைக்கும், வடிந்து போய்விடும். நம்முடைய பிகோனியாக்களும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவிலேயே 50க்கு மேற்பட்ட வகைகள் காட்டில் வளர்கின்றன; அவற்றில் சில சுண்ணாம்புக் குன்றுகளின் பாறை இடுக்குகளில் தொற்றிக்கொண்டு நிற்கும். கோலாலம்பூரிலும் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டத்தான் செய்கிறது. அவ்வளவையும் அந்தக் காட்டுச் செடி வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒரு பீங்கான் தொட்டிக்குள் தேங்கிய இரண்டு கிளாஸை அதனால் தாங்க முடியாது.

இப்போது என்ன செய்யலாம்

உங்கள் முன்னால் மூன்று வழிகள் உண்டு. பீங்கானிலிருந்து எடுத்துப் பால்கனி நிழலில் வைத்து மண்ணைக் காயவிட்டுக் காத்திருப்பது ஒன்று. வேரைப் பிரித்துப் பார்த்துப் புது மண்ணில் நடுவது இரண்டாவது. நல்ல தண்டுகளை வெட்டிப் புதுச் செடி உண்டாக்குவது மூன்றாவது. முதல் வழி சுலபம்தான், ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு அதை நம்பி இருக்க வேண்டாம் என்பேன். என்னைக் கேட்டால் மூன்றாவதை முதலில் செய்யுங்கள், அதன்பின் இரண்டாவது. தாய்ச் செடி போனாலும் துண்டுகள் இருக்கும் என்ற தைரியத்தில் கை நடுங்காமல் வேரை வெட்டலாம்.

உங்கள் மூன்றாவது படத்தில் இரண்டு தண்டுகளின் நுனி இன்னும் விறைப்பாக இருக்கிறது. அவற்றில் ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு மூன்று கணு வருவதுபோல், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கத்தரிக்கோலை முதலில் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டு வாய் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் மேலே ஏறி வெட்டுங்கள். அடி இலையையும் பூங்கொத்து இருந்தால் அதையும் கிள்ளிவிட்டு, கீழ்க் கணு மூழ்கும்படி ஒரு கிளாஸ் தண்ணீரில் வைத்து, வெளிச்சமான, நேர் வெயில் படாத இடத்தில் விடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கணுவில் வேர் வரும். வேர் ஒரு விரல் மூட்டு நீளம் வந்ததும் சிறிய தொட்டிக்கு மாற்றலாம். ஒற்றை இலையை மட்டும் நட்டுப் புதுச் செடி எதிர்பார்க்காதீர்கள். வேறு சில பிகோனியாக்களில் அது நடக்கும், இந்தத் தண்டு வகையில் நம்ப முடியாது. கணு வேண்டும்.

அடுத்து தாய்ச் செடி. தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு வெளியே எடுங்கள். ஈர மண்ணை மெதுவாக உதறிக் குழாயடியில் வேரை அலசுங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, இழுத்தால் தாங்குவதாகவும் இருப்பது நல்ல வேர். பழுப்பாகி, இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் நிற்பது செத்த வேர். செத்ததைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். பாதி வேர் போனால் மேலே இருக்கும் தண்டையும் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் சமைத்துப் போட முடியாது.

புதுத் தொட்டி பெரிதாக இருக்கட்டும் என்று தோன்றும். அதுதான் எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். வேர்க்கட்டை விட இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் அகலமான தொட்டி போதும்; பழையதை விடச் சின்னதாகக்கூட வரலாம். வேர் எட்டாத மண்ணில் நிற்கும் ஈரம் யாருக்கும் பயனில்லாமல் புளிக்கும். பழைய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் என்ற வெள்ளை எரிமலைக்கல் குருணை ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. மூன்றும் நர்சரியில் பைபையாகக் கிடைக்கும். நார்த்தூளில் சில நேரம் உப்பு இருக்கும், ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள். புது இலை விடும்வரை உரம் கிட்டவே வரக்கூடாது. நோயாளிக்குப் பிரியாணி போடுவதில்லையே.

இனி ஊற்றும் முறை

"எத்தனை நாளுக்கு ஒருமுறை" என்றீர்கள். நாள் கணக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால் நீங்கள் காலண்டரில் குறித்துக்கொண்டு தவறாமல் ஊற்றுவீர்கள், அந்த ஒழுங்குதான் செடியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. பால்கனி நிழலில் நிற்கும் சிறிய பிளாஸ்டிக் தொட்டி மூன்று நான்கு நாளில் காயலாம். அதே தொட்டி வெளிச்சம் குறைந்த அறையில் ஒரு வாரம்கூட ஈரமாக நிற்கலாம். புகைமூட்டம் வந்து சூரியன் மங்கிய வாரத்தில் இன்னும் தாமதமாகும். மண் தொட்டி என்றால் சுவர் வழியாகவே ஈரம் போய்விடும், சீக்கிரம் காயும். மகள் சொன்ன இரண்டு தடவை என்பதும் அவள் வைத்திருந்த பால்கனிக்கான கணக்கு. ஹாலுக்கு அதுவே அதிகமாகியிருக்கும்.

ஆகவே விளக்கேற்றியதும் செடியிடம் போங்கள், வழக்கத்தை விட வேண்டாம். ஆனால் கிளாஸ் இல்லாமல் போங்கள். ஆள்காட்டி விரலை முதல் மூட்டுவரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். விரல் நகம் அழுக்காக வேண்டாமென்றால் ஒரு சாத்தே குச்சியைச் செருகி எடுங்கள். கேக் வெந்ததா என்று பார்ப்பதுபோலத்தான். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு வேண்டாம். இன்னும் நல்ல வழி, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. ஊற்றியதும் ஒருமுறை தூக்குங்கள், காய்ந்ததும் ஒருமுறை தூக்குங்கள். பத்துப் பதினைந்து நாளில் உங்கள் கைக்கே எடை பிடிபட்டுவிடும். நாற்பது பிள்ளைகள் வகுப்பில் யார் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர்தானே நீங்கள்.

மேல்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்துவிட்டது, தொட்டி லேசாகிவிட்டது. சரி, இப்போது ஊற்றலாம். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கிளாஸ் அளவெல்லாம் கிடையாது. பாத்ரூமுக்கோ சிங்க்குக்கோ தூக்கிக்கொண்டு போய், மண்ணைச் சுற்றி மெதுவாக, அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதில் ஒரு வேடிக்கை, மேலே எப்போதும் நசநசவென்று இருக்கும், நடுவில் சில இடங்களுக்குத் தண்ணீரே போயிருக்காது. நிறைய ஊற்றி, முழுதும் வடியவிட்டு, நன்றாகக் காத்திருப்பதுதான் இதற்குப் பிடிக்கும். பத்து நிமிடம் வடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். அந்த நீலப் பீங்கானில்கூட வைக்கலாம், அடியில் நாலு கூழாங்கல் போட்டு, மறுபடி ஒருமுறை வழிந்ததைக் கொட்டிவிட்டு. எனக்கென்னவோ அதை நீங்கள் அரிசி அளக்க வைத்துக்கொள்வது நல்லதென்று படுகிறது.

ஊர்ப்பயணம் போய் மறந்துவிட்டால் எதிர்ப்பக்கம் நடக்கும். நார்த்தூள் முழுக்கக் காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே ஓடி வெளியே போகும், நமக்கோ ஊற்றிவிட்டோம் என்ற திருப்தி. அப்போது மட்டும் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, தொட்டியை அரை மணி நேரம் பாதி மூழ்க உட்கார வைத்து எடுங்கள்.

வீட்டு வைத்தியங்கள்

குளோரின்: உங்கள் கணவர் மனம் நோகாமல் சொல்லுங்கள், நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீரில் இருக்கும் அளவு குளோரின் இந்தச் செடியைக் கொல்வதில்லை. இரவு முழுக்கப் பிடித்து வைத்து ஊற்றினாலும் கெடுதல் இல்லை, மூடி வையுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் பேஷ்.

அரிசி கழுவிய தண்ணீர்: தரையில் நிற்கும் கறிவேப்பிலைக்குத் தாராளமாக ஊற்றுங்கள். இந்தச் சின்னத் தொட்டியில், அதுவும் வேர் அழுகும் நேரத்தில், கஞ்சி புளித்துச் சின்னச் சின்ன ஈக்கள்தான் மொய்க்கும்.

ஐஸ் கட்டி: வெப்பமண்டலச் செடியின் வேர்மேல் ஐஸ் வைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைப் பொட்டு: அது அதன் பிறவி அழகு. இலையின் மேல்தோலுக்கு அடியில் சிறு காற்றறைகள் இருக்கின்றன, அவற்றில் ஒளி பட்டுத் திரும்புவதுதான் வெள்ளியாகத் தெரிகிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள், போகாது. மாவு தூவியதுபோல் படர்ந்து, தேய்த்தால் விரலில் ஒட்டுவது சாம்பல் நோய். பிகோனியாவுக்கு அதுவும் வரும், காற்றோட்டம் இல்லாத மூலையில் முதலில் வரும். உங்கள் படத்தில் அது இல்லை.

மாலை ஸ்பிரே: நிறுத்திவிடுங்கள். கோலாலம்பூர் காற்றில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. இரவெல்லாம் இலை நனைந்து கிடந்தால் புள்ளி நோயும் சாம்பல் நிறப் பூஞ்சையும்தான் குடியேறும். ஏர்கோன் அறையில் காற்று உலர்வது உண்மை, ஆனால் ஸ்பிரே அதைச் சில நிமிடங்களுக்கு மேல் மாற்றாது. ஏர்கோன் காற்று நேரே படாத இடத்துக்குச் செடியை நகர்த்துவதே மேல். காலை இளவெயில் ஒரு மணி நேரம் விழும் கிழக்குப் பால்கனி இதற்குச் சொர்க்கம். உச்சி வெயில் ஆகாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தண்டு உயர உயர அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது இந்தச் செடிக்கு இயல்பு. இனி ஓர் இலை விழுந்தாலும் எனக்கு எழுதாதீர்கள். வாரத்தில் நாலைந்து விழுந்தால் எழுதுங்கள்.

தொட்டியில் நிற்கும் தண்ணீர்

பீங்கான் தொட்டியின் தண்ணீருக்கு வருகிறேன். டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படி வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏழிலிருந்து பத்து நாள். உங்கள் தொட்டியில் இரண்டு மாதமாக நிற்கிறது. சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து குடம்பியைக் கண்டால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் 500 ரிங்கிட் வரை அபராதம் எழுதலாம். அதைவிட, அறுபதைத் தாண்டிய இருவர் இருக்கும் வீட்டில் டிங்கி வந்தால் என்னாவது? இன்றைக்கே கொட்டிவிட்டு, உள்சுவரைப் பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வேர் விட வைத்த கிளாஸ் தண்ணீரை இரண்டு மூன்று நாளில் மாற்றச் சொன்னதற்கும் இதுவும் ஒரு காரணம்.

மகளுக்கு என்ன சொல்வது

சுங்கை பூலோ யோசனை வேண்டாம். அந்த நர்சரிகளுக்குப் போவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்குதான். 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில், குணமானவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பூச்செடி வளர்த்து வளர்த்து உருவான இடம் அது, பெர்லைட் வாங்கப் போனால் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் ஆள்மாறாட்டத்துக்கு அல்ல. வருடக்கணக்கில் வளர்த்தவளுக்கு எந்தத் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது தெரியும். பிடிபட்டால் செடியை விட்டுவிட்டு உங்களிடம் வேறு கேள்வி கேட்பாள்.

இன்றைக்கே நடந்ததை அவளுக்கு எழுதி, படத்தையும் அனுப்புங்கள். டிசம்பருக்குள் பழைய உயரத்துக்கு வளர்த்துவிடலாம் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தாய்ச் செடி பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தண்டு அடி கொழகொழத்திருந்தால் அதுவும் இல்லை. துண்டுகள் பிழைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். அவள் வரும்போது ஒரு சாண் உயரத்தில் இரண்டு இளஞ்செடி இருக்கும். ஒன்றை அவள் எடுத்துக்கொண்டு போக முடியாது, ஆஸ்திரேலியச் சுங்கத்தில் செடி கொடியோடு நுழைய விட மாட்டார்கள். இரண்டும் உங்களிடம்தான் இருக்கப் போகின்றன.

மூன்று வாரம் கழித்து, கிளாஸில் இருக்கும் துண்டுகளின் படம் ஒன்று அனுப்புங்கள். கீழ்க் கணு தெளிவாகத் தெரியட்டும்.